மூன்று மணி இன்டர்வியூவும் பழைய லேப்டாப்பும்

மூன்று மணிக்கு ஸ்கைப்பில் இன்டர்வியூ. குவைத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. இதை விட்டால் அடுத்த வருஷம்தான் என்று ஏஜென்ட் கறாராகச் சொல்லியிருந்தான். ரெஜிஷாவின் லேப்டாப்போ, பகல் பதினொன்றரைக்கும் வைஃபை என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அது மாமா கத்தாரிலிருந்து கொண்டுவந்த பழசு. முந்தாநாள்தான் ஒரு கடையில் கொடுத்து விண்டோஸ் செவன் போட்டிருந்தாள். டிரைவர் போட மறந்துவிட்டார்கள். டிவைஸ் மேனேஜரில் ஒரு மஞ்சள் ஆச்சரியக்குறி. நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவர் இறக்க நெட் வேண்டும். நல்ல கூத்துதான்.

வைஃபையும் சொந்தமில்லை. அடுத்த வீட்டு ததேயுஸ் அண்ணன் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டு, மோடத்தை அணைக்காமல், வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வயர் இழுத்து மாட்டவும் வழியில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால் அங்கிருக்கும் இரைச்சலில் குவைத்துக்காரர்கள் ஓடிவிடுவார்கள்.

பென் டிரைவோடு மணவாளக்குறிச்சி பிரவுசிங் சென்டருக்கு ஆட்டோ பிடித்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு டிரைவர்களை இறக்கி வந்தாள். முதலாவது முறைத்தது, இரண்டாவது ஏறியது. மஞ்சள் குறியும் மறைந்தது. வைஃபை மட்டும் வரவில்லை. ரீஸ்டார்ட் செய்தாள். டிரைவரை எடுத்துவிட்டு மறுபடியும் போட்டாள். கடைசியில், வயர்லெஸ் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கிறது என்று திரையில் ஒரு வரி வந்தது. எந்த ஸ்விட்ச்? லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தாள். மணி இரண்டே முக்கால். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அழுதபடியே தடவிப் பார்க்கையில், முன்விளிம்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கருக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது. ‘மாதாவே துணை’ என்ற நீளமான ஸ்டிக்கர். மீன்பிடி வள்ளமோ கிரைண்டரோ, வீட்டுக்கு எது வந்தாலும் அம்மா பேபி அதை ஒட்டாமல் விடமாட்டாள். நேற்று அழுத்தி ஒட்டியதில் ஸ்விட்ச் நகர்ந்திருக்கிறது.

“எம்மா, இத நீயா ஒட்டினே?”

“பின்ன? மாதா இல்லாம ஒரு சாமானம் ஓடுமா?”

“இதுக்க அடியிலயாக்கும் ஸ்விட்ச்!”

ரெஜிஷா நகத்தை வைத்தாள், எடுத்தாள். மாதாவின் பெயரைப் பிய்க்கக் கை வரவில்லை. அதுவும் இன்டர்வியூ நாளில். பயமாக இருந்தது.

“தள்ளுட்டி” என்றாள் பேபி. முந்தானையில் கையைத் துடைத்தாள், சிலுவை வரைந்துகொண்டாள். ஓரத்திலிருந்து தொடங்கி, கிழியாமல் உரித்தெடுத்தாள். ரெஜிஷா ஸ்விட்சைத் தள்ளினாள். நீல விளக்கு எரிந்தது.

இன்டர்வியூ இருபது நிமிடம் நடந்தது. முடிவில் கேள்வி கேட்ட பெண்மணி சிரித்துக்கொண்டே, அடுத்த மாதமே சேர முடியுமா என்று கேட்டாள்.

ரெஜிஷா அடுக்களைக்கு ஓடினாள். “எம்மா, வேல கெடைச்சிற்று!”

பேபி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“ஒன்னப் பாக்காம என்னால இருக்க முடியாது மக்கா. இது கெடைக்கப்பிடாதுண்ணு மாதாவுக்கு நேர்ச்ச நேர்ந்திருந்தேன்.”

ரெஜிஷாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “பின்ன எதுக்கும்மா உரிச்சுத் தந்தே?”

“நீ அழுதியேட்டி.”