கொழுத்த செல்கள்

பேராசிரியருக்கு ஒல்லியான செல்களைப் பிடிக்காது. விருந்தினர் வந்து நுண்ணோக்கியில் கண் வைத்தால் தட்டு நிறைய மொழுமொழுவென்று தெரிய வேண்டும். அதனால் அவருடைய ஆய்வுக்கூடத்தில் எல்லாச் செல்களுக்கும் தீனி சத்தான சாதாச் சீரம்தான்.

பாடப்புத்தகம் சொல்வது இது: செல்லுக்குள் டி.என்.ஏ. நூல் புரத உருண்டைகளில் இறுக்கிச் சுற்றிக் கிடக்கும். ஹார்மோன் வந்து, தன்னை ஏற்கும் புரதமான ஏற்பியோடு சேரும். ஏற்பி டி.என்.ஏ.வில் போய் உட்கார்ந்து, சுற்றைத் தளர்த்தும் புரதங்களை அழைக்கும். பிறகுதான் அங்கே தூங்கும் மரபணு விழிக்கும். பேராசிரியரின் தட்டிலோ, ஒரு சொட்டு ஹார்மோன் விடாமலே மரபணு விழித்திருந்தது. "ஏற்பியின் ஆட்சி முடிந்தது" என்று மேடையில் அறிவித்தார். கைதட்டல் போதாததால் இன்னொரு முறை அறிவித்தார்.

மறுநாள் ஆய்வுக்குழுக் கூட்டத்தில் ஒரே ஒரு கை உயர்ந்தது. மனைவியின் தம்பி, அவரிடமே முனைவர் பட்டத்துக்குப் படித்தவன்.

"அத்தான், சீரம் ரத்தத்துல இருந்து எடுக்கறது. அதுலயே ஹார்மோன் இருக்குமே. கரித்தூள் போட்டு அதை எடுத்துட்டுத்தானே சோதிக்கணும்?"

"கரி போட்டா செல்லெல்லாம் வத்தலும் தொத்தலுமா நிக்கும்டா. அதையா போட்டோ எடுக்கறது?"

"போட்டோவுக்கா அத்தான் ஆராய்ச்சி?"

கூட்டம் சிரித்துத் தொலைத்தது. அந்த வாரமே மைத்துனனின் ஆய்வுப் பதிவு ரத்தானது. "நிர்வாக மறுசீரமைப்பு" என்று வீட்டில் விளக்கினார் பேராசிரியர். மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வருடங்களாகியும் வேறு எந்த ஆய்வுக்கூடத்திலும் அவருடைய முடிவு கிடைக்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் கதவைச் சாத்திக்கொண்டு, கரி போட்ட சீரத்தில் அவரே செய்து பார்த்தார். மெலிந்த செல்களில் மரபணு தூங்கியது. ஹார்மோன் விட்டார், விழித்தது. ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்பினார். அதில் பத்திக்குப் பத்தி "சில சூழ்நிலைகளில்" என்று எழுதியிருந்தார். அதன் நகலை மனைவியிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்கு அது? போய் என் தம்பியைக் கூட்டிட்டு வாங்க" என்றாள் மனைவி.

மைத்துனன் ஒரு பால் பண்ணையின் பரிசோதனை அறையில் இருந்தான். கண்ணாடிக் குழாயில் பாலைக் குலுக்கிக்கொண்டிருந்தான்.

"சீரத்துல ஒரு சின்னக் கோளாறு" என்றார் பேராசிரியர்.

"சீரம் என்ன பண்ணும் அத்தான்? அது பாட்டுக்கு பாட்டில்ல இருந்துச்சு."

"சரிப்பா. தப்பு என்னோடதுதான். நீ சொன்னது சரி. திரும்பி வா, புதுசா பதிஞ்சு பட்டத்தை முடி."

"வேண்டாம் அத்தான்."

"இன்னும் என்மேல கோபமா?"

"கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. அது போறப்போ படிக்கிற ஆசையையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிடுச்சு." குழாயைத் தாங்கியில் செருகினான். "உக்காருங்க, வந்துடறேன்."

அவர் வீடு திரும்பியபோது மனைவி வாசலிலேயே நின்றாள். அவருக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"தப்பு உங்களோடதுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

மேடைகளில் வார்த்தைக்குப் பஞ்சமே இல்லாதவர் செருப்பைக் கழற்றக் குனிந்தார்.

"டீ வாங்கிக் குடுத்தான்."