முப்பத்தொரு பேர்

நேர்முகத் தேர்வுக்கு நுவரெலியாவுக்குப் போன அன்று ஜொய்சி அம்மாவின் சேலையைக் கட்டியிருந்தாள். பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கு அன்று நாற்பது பேரை அழைத்திருந்தார்கள். அவளுடைய சான்றிதழை வாங்கிப் பார்த்த அதிகாரி, மேசையில் கிடந்த பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழாக இறங்கினார். மறுபடி மேலே போய் இன்னொரு தடவை இறங்கினார்.

"மிஸ், இந்த யூனிவர்சிட்டி லிஸ்ட்ல இல்லயே" என்றார். "இது நமக்குச் செல்லாது. அடுத்த ஆள வரச்சொல்லுங்க."

ஜொய்சி றொசல்லைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அப்பா அமிர்தநாதன் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் கொழுந்து காயவைக்கும் அடுப்படியில் நின்றவர். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இல்லாததால் அவள் கலைப்பிரிவில் ஏ.எல். உயர்தரப் பரீட்சை எழுதினாள். நல்ல பெறுபேறுதான். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய வெட்டுப்புள்ளிக்கு மயிரிழையில் தவறிப்போனது. அழுது ஓய்ந்த அந்த வாரத்தில்தான் ஹட்டனில் கிளைவ் என்பவர் நடத்தும் நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. இரும்புக் கடைக்கு மேல்மாடியில் மூன்று வகுப்பறை. வெளிநாட்டுப் பட்டம், மூன்றே வருடம், சர்வதேச அங்கீகாரம் என்று எழுதியிருந்தது.

அப்பாவுக்கு ஓய்வுபெற்றதற்கான ஈ.பி.எஃப். சேமிப்புக் காசு அந்த வருடம்தான் வந்திருந்தது. வீட்டுக்கு இன்னொரு அறை இழுத்துக் கட்டுவதற்கென்று வைத்திருந்தார். "ரூம் எங்க ஓடிறப் போகுது? புள்ள படிக்கட்டும்" என்று அப்படியே எடுத்துக் கொடுத்தார். கொழும்பு ஹோட்டல் ஒன்றில், வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியோடு அவளுக்குப் பட்டம் கொடுத்தார்கள். தோட்டத்து இளைஞர்கள் முச்சந்தியில் அவள் படம் போட்டு, 'எமது தோட்டத்தின் முதல் பட்டதாரி' என்று பேனர் கட்டினார்கள்.

நுவரெலியாவிலிருந்து திரும்பியவள் வீட்டுக்குப் போகவில்லை. ஹட்டனில் இறங்கி நேரே மேல்மாடிக்கு ஏறினாள். கிளைவ் கோபப்படவில்லை. அவரும் தோட்டத்தில் பிறந்து வந்தவர். சனம் அவரை நம்பியதே அதனால்தான்.

"கவர்மெண்ட் வேலைக்குச் செல்லும்னு நாங்க எங்கயாச்சும் எழுதியிருக்கமா ஜொய்சி? போர்ம்ல எல்லாம் தெளிவா இருக்கு. நீ சைன் வெச்சிருக்க."

அந்தப் போர்ம் ஆங்கிலத்தில் இருந்தது. பொடி எழுத்து. கையெழுத்து வைக்கும்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

அவள் அழுது முடிக்கும்வரை அவர் பொறுமையாக இருந்தார். பிறகு, "பேசாம இங்கயே வேலைக்கு வாயேன்" என்றார். "ஸ்கூல் ஸ்கூலா போய்ப் பேசணும். சம்பளம் தர்றேன். சேர்ற ஒவ்வொரு புள்ளைக்கும் தனியா ஒரு தொகை. நீ தோட்டத்துப் புள்ள, நீ சொன்னா நம்புவாங்க."

வேறு வேலை கிடைக்கும்வரை ஒரு மாதம், இரண்டு மாதம் என்றுதான் நினைத்தாள். ஒரு வருடம் போய்விட்டது. வீட்டில் 'கெம்பஸ்ல வேலை' என்று மட்டும் சொன்னாள். மகள் லெக்சரர் ஆகிவிட்டாள் என்று அப்பா கோயிலில், கடையில், பஸ்ஸில் கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவள் திருத்தவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அவள் படித்த பள்ளிக்கூடத்துக்கே போக வேண்டி வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினைந்து வருடமாக அங்கே படிப்பிக்கும் நடராசா சேர்தான் அவளை அறிமுகப்படுத்தினார்.

"பிள்ளையள், இவ எங்கட பழைய மாணவி. தோட்டத்தில இருந்து படிச்சுப் பட்டம் எடுத்தவ. இவவைப் பாத்துப் படியுங்கோ."

அவருக்கும் ஒன்றும் தெரியாது. இந்தப் பட்டம் எடுத்தால் வாழ்க்கையே மாறும் என்று ஜொய்சி வழக்கமாகப் பேசுவதைப் பேசினாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். முடிந்து வராந்தாவில் நிற்கும்போது ஆர்த்திகா என்ற பெண் பின்னாலேயே வந்தாள். மேல்லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ராசம்மாவின் மகள்.

"அக்கா, இத முடிச்சா டீச்சிங் எடுக்கலாமா? அம்மா அத மட்டும் தெளிவா கேட்டுட்டு வரச்சொன்னாங்க. அவங்க காதுத் தோட்ட அடகு வெக்கப் போறாங்க."

இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். 'அதெல்லாம் பாத்துக்கலாம் தங்கச்சி' என்ற பதில் நாக்கு நுனியிலேயே இருக்கும். ஆனால் இந்தப் பெண் ஒரு கொப்பியை விரித்து, சொல்வதை எழுதிக்கொள்ளப் பேனையோடு நின்றாள்.

"எடுக்க முடியாது" என்றாள் ஜொய்சி. "அரசாங்க வேலைக்கு இது செல்லாது. எனக்கே செல்லல."

ஆர்த்திகாவின் பேனை கொப்பியில் இறங்கவில்லை.

"எழுதிக்க. டீச்சர் ஆகுறதுக்குப் படிக்கிற கல்வியியற் கல்லூரிக்கு அரசாங்க வர்த்தமானில போர்ம் வரும். காசு கட்டத் தேவயில்ல. வயசு எல்லை இருக்கு, எனக்குத் தாண்டிருச்சு, ஒனக்கு இருக்கு. அது தவறுனா திறந்த பல்கலைக்கழகம். வேலை செஞ்சுக்கிட்டே படிக்கலாம். எங்க சேர்றதா இருந்தாலும் மொதல்ல அந்த யூனிவர்சிட்டி பேர பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுல கேளு. வாயால சொல்றத நம்பாத, நான் சொன்னாலும்."

ஆர்த்திகா ஒரு வரி விடாமல் எழுதினாள். பிறகு நிமிர்ந்து, "அப்ப இப்ப உள்ளுக்கு ஏன்க்கா அப்புடிப் பேசுனீங்க?" என்று கேட்டாள். ஜொய்சி குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் ராசம்மா நின்றுகொண்டிருந்தாள். முதல்நாளே ஹட்டனுக்குப் போய்க் கிளைவிடம் விசாரித்திருக்கிறாள். தோட்டத்தில் இன்னொரு பட்டதாரி வந்துவிடக் கூடாது என்ற எரிச்சலில் ஜொய்சி அப்படிச் சொல்லியிருப்பாள் என்று கிளைவ் சொல்லி அவளை அனுப்பிவிட்டார்.

"நீ மட்டும் பட்டம் வாங்கலாம், நாங்க கொழுந்து பறிச்சே சாகணுமா? நீ மட்டும் லெக்சரரு, எம்புள்ளைக்குச் செல்லாதா?"

"அக்கா, சத்தியமா..."

"ஒன் சத்தியம் ஒனக்கே இருக்கட்டும்!"

லயமே வெளியில் வந்து பார்த்தது. ராசம்மா போன பிறகு அமிர்தநாதன் கதவைச் சாத்தினார்.

"செல்லாதா?"

"அரசாங்க வேலைக்குச் செல்லாதுப்பா."

"எப்ப தெரியும்?"

"நுவரெலியா போன அன்னைக்கே."

அப்பா தன் ஈ.பி.எஃப். காசைப் பற்றிக் கேட்பார் என்று ஜொய்சி நினைத்தாள். அவர் கேட்டது வேறு.

"அதுக்கப்பறம் எத்தன புள்ளைங்கள சேத்துவுட்ட?"

தெரியாது என்று சொல்ல அவளால் முடியவில்லை. தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்கியவள்.

"முப்பத்தொண்ணு."

"நம்ம சின்னத்தம்பி மக?"

"கஜனியும்தான்."

அமிர்தநாதன் எழுந்து கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்றைக்குப் பிறகு அவர் மகளின் வேலையைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. மகளிடமும் தேவைக்குத்தான் பேசினார்.

திங்கட்கிழமை கிளைவ் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினார். அவள் முப்பத்தொரு பேரையும் ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினாள். சிலர் குரல் கேட்டதும் துண்டித்தார்கள். ஒரு தாய் கெட்ட வார்த்தையில் ஏசினாள். ஒரு தகப்பன், "லோன் எடுத்துக் கட்டியாச்சும்மா, இப்ப சொல்லி என்ன பிரயோசனம்?" என்று அமைதியாகக் கேட்டார். ஏச்சைவிட அது வலித்தது. இரண்டு பேர் காசைத் திருப்பிக் கேட்டுப் போனார்கள். கிளைவ் அவர்கள் கையெழுத்திட்ட போர்மை எடுத்துக் காட்டினார்.

கஜனியின் வீட்டுக்கு அவள் நேரிலேயே போனாள். கஜனி அவளைத் தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் கூட்டிப் போய்ச் சொன்னாள்:

"எனக்கு மூணாவது மாசமே தெரியும்க்கா. அப்பா கிட்ட எப்புடிச் சொல்றது? வேலைய வுட்டு நின்னு, வந்த காசு அம்புட்டையும் கட்டியிருக்காரு."

"இப்பவாச்சும் சொல்லிருவோம். நானும் கூட வர்றேன்."

கஜனி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"போன கெழம கிளைவ் சேர் கூப்பிட்டாரு. உங்க எடத்துக்கு ஆள் இல்லயாம். படிச்சுக்கிட்டே செய்யலாமாம். சரின்னுட்டேன்." கீழே குடத்தில் தண்ணீர் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆர்த்திகா நேத்துதான் காசு கட்டுனா. நான்தான் சேத்துவுட்டேன்."