ருசி பார்க்க ஆள் தேவை

அந்த பேக்கரியில் கேக் செய்வது அவள். அடுப்பு அவள் கணவனின் பொறுப்பு. முதல் கரு இரண்டாம் மாதத்திலேயே கலைந்துபோனது. மாவு மூட்டையைத் தூக்கியதால்தான் அப்படி ஆயிற்று என்று அவளாகவே முடிவு கட்டி, யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாள். மருத்துவரம்மாவிடம்தான் முதன்முதலாக அதைச் சொன்னாள்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு மருத்துவரம்மா சொன்னார்: “மூட்டை மேல பழி போடாதம்மா. உனக்குச் சர்க்கரை ரொம்பக் கூடுதலா இருக்கு. கரு தங்காததுக்கு அது ஒரு காரணமா இருக்கலாம். இனிப்பு நிறையச் சாப்பிடுவியா?”

“சாப்பிடவே மாட்டேன் டாக்டர். ருசிதான் பார்ப்பேன்.”

“எவ்வளவு பார்ப்ப?”

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்தான். மருத்துவரம்மா சிரித்துவிட்டார்.

“இது பரம்பரையாவும் வரும், உன் தப்புன்னு நினைக்காத. முதல்ல சர்க்கரை கட்டுக்குள்ள வரட்டும். ஃபோலிக் அமில மாத்திரையை இப்பவே ஆரம்பி. குழந்தைக்கு அப்புறம் முயற்சி பண்ணலாம்.”

வெளியே வந்ததும் அவளுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்தாற்போல இருந்தது. ஆனால் கடையில் இனி ருசி பார்ப்பது யார்?

“நான் இருக்கேன்ல!” என்று கணவன் மார்தட்டினான். அவனுக்கு எதை வாயில் போட்டாலும் “பிரமாதம்!”தான். சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்த கேக்கும் பிரமாதமாகவே விற்பனைக்குப் போய், வாங்கியவர் பெட்டியோடு திரும்பி வந்தார்.

வேறு வழியில்லாமல் நாத்தனாரைக் கூப்பிட்டார்கள். அவள் வேன் ஓட்டுகிறவள்; வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

“அண்ணி, இது கேக்கா, செங்கல்லா?”

அண்ணிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அன்றைக்கே வெண்ணெயின் அளவைக் கூட்டினாள். நாத்தனார் முகம் சுளிக்கச் சுளிக்கக் கேக் மெருகேறியது. கடையில் கூட்டமும் கூடியது.

சில மாதங்களில் சர்க்கரை இறங்கியது. அவள் மறுபடி கருவுற்றாள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை மறுபடி ஏறாமலிருக்க இன்சுலின் ஊசி போடக் கற்றுக்கொண்டாள். இரண்டாம் மாதம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். ஸ்கேனில் குழந்தையின் இதயம் துடிப்பதைக் கேட்டபோது, அவளை முந்திக்கொண்டு கணவன் விம்மிவிட்டான்.

“அண்ணா, மூக்கைத் துடை. டாக்டர் பார்க்கறாங்க,” என்றாள் நாத்தனார், தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பெண் குழந்தை பிறந்தது, நல்ல எடையோடு. யார் முதலில் தூக்குவது என்று அண்ணனும் தங்கையும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, தாய் நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.