பெரட்டில் குரல் கொடுத்த எல்மர் ஹாஸ்கின்

1927ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிகாலை ஐந்தரை மணிக்கு, அமெரிக்காவில் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்த எல்மர் ஹாஸ்கின் என்பவன் மலாயாவில் அசாம் ஜாவாவுக்கு அடுத்த ஆத்தங்கரை ரப்பர்த் தோட்டத்தில், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் தன் பெயரைக் கேட்டுக் குரல் கொடுத்தான். களத்தில் அன்று நூற்று நாற்பத்திரண்டு பேர் நின்றார்கள். கணக்கெழுதும் கிராணி, ஆட்கள் பெயர் உள்ள செக்ரோல் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார், உரியவர் குரல் கொடுத்துவிட்டுப் பால் மரம் சீவப் போவார். எல்மர் ஹாஸ்கின் ‘ஹியர்’ என்றான். குரலுக்குப் பின்னால் பல்லாயிரம் பேர் கூடியிருக்கும் இரைச்சல், அத்தாப்பு ஓலைக் கூரைமேல் மழை ஓடிவருவதுபோலக் கேட்டது. மூன்றாவது வரிசையில் நின்ற நவமணி முதலில் வானத்தைத்தான் பார்த்தாள். மழை பெய்தால் மரம் நனைந்துவிடும், அன்றைக்கு வேலை கிடையாது. வானத்தில் நட்சத்திரம் இருந்தது. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் காளியண்ணனுக்கு இதில் ஒரு குறைதான் தெரிந்தது. புதிய ஆள் ‘ஐயா’ சொல்லவில்லை.

பேஸ்பால் அந்தத் தோட்டத்துக்கு வந்தது முந்தின வருடம், ரப்பர் தகடு உருட்டும் இயந்திரத்தோடு. இயந்திரம் அமெரிக்காவிலிருந்து மூன்று பெட்டிகளில் வந்தது. உள்ளே அது ஆடாமலிருக்கப் பழைய செய்தித்தாள்களைக் கசக்கித் திணித்திருந்தார்கள். கிராணி விசுவலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், அச்சடித்த எதையும் குப்பையில் போட மனம் வராதவர். தாள்களை ஒவ்வொன்றாக விரித்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து அடுக்கினார். பெரும்பாலும் விளையாட்டுப் பக்கங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீஸ் படியில் உட்கார்ந்து அவற்றைத் தமிழில் சொல்வார், வரிசை வீடுகளான லயத்துச் சனம் கேட்கும். அந்த விளையாட்டை அங்கே ஒருவரும் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை ஆடிப் பார்த்தார்கள். மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலை உருட்டிச் செய்த பந்து முதல் அடியிலேயே எகிறி ஆற்றைத் தாண்டி அக்கரையில் மலாய்க்காரர் ஊரான கம்பத்துக்குள் போய்விட்டது. அதோடு ஆட்டம் முடிந்தது. பேச்சு முடியவில்லை. ஏனென்றால் ஒரு தாளில் கட்டம் கட்டி ஒரு கேள்வி போட்டிருந்தது: இன்று உயிரோடிருக்கும் ஆட்டக்காரர்களில் ஆகப் பெரியவன் யார்?

கிராணி, தடியால் அடிக்கும் எல்மர் ஹாஸ்கின் என்றார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் தர்மலிங்கம், பந்து எறியும் ஓட்டிஸ் பிரெண்டல் என்றார். இருவரும் ஒரே ஊர்க்காரர்கள், பதினாறு வருடம் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். எறிகிறவன் இல்லாவிட்டால் அடிக்கிறவன் தடியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டியதுதான் என்று டிரசர் சொன்ன நாளிலிருந்து பாய் தனித்தனியானது. மேல் லயம் எல்மர் பக்கமும் கீழ் லயம் ஓட்டிஸ் பக்கமும் நின்றன. புஷ்பவள்ளி என்பவள் ஓட்டிஸ் கட்சிக் கொழுந்தனுக்கு எட்டு மாதம் குழம்பு ஊற்றவில்லை. எல்மர் பத்துத் தடவை நின்றால் நான்கு தடவை அடித்துவிடுவான், உலகத்தில் வேறு எவனாலும் அது முடியாது என்று கிராணி கணக்குச் சொன்னபோது, ஒரு பக்கமும் சேராத நவமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பத்து மரத்துல நாலு மரம் சீவுனா மண்டோரு என்னைய வூட்டுக்கு அனுப்பிருவாரு. இவன் பெரியவனாங்க?”

“மரம் நிண்ட இடத்திலை நிக்கும், பிள்ளை,” என்றார் கிராணி. “பந்து அப்பிடியில்லை.”

நவமணிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அவள் புருஷன் வீரன் ஆறு வருடத்துக்கு முன்னால், ரவாங் பக்கம் ஈயக் குட்டையில் வேலை இருக்கிறது, பார்த்துவிட்டு வந்து அழைத்துப்போகிறேன் என்று ஒரு கம்பளியும் அரிக்கன் விளக்கும் எடுத்துக்கொண்டு போனான். பிறகு தகவல் இல்லை. செத்தான் என்றும் சொன்னார்கள், சயாம் போனான் என்றும் சொன்னார்கள். தோட்டத்துத் தகடுகளைக் கோலசிலாங்கூர்ப் படகுத்துறைக்கு ஏற்றிப்போகும் மாட்டுவண்டிக்கார அர்ஜுனன், மூன்று வருடமாக ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கும் சம்மதம்தான். பஞ்சாயத்துக்கு இல்லை. பழைய தாலியைக் கழற்றிவிட்டு வேறொருவனை அறுத்துக்கட்டுவது அவர்களிடையே வழக்கத்தில் உள்ளதுதான். ஆனால் புருஷன் செத்திருக்க வேண்டும், அல்லது சபை அறிய அவளை வேண்டாமென்று சொல்லியிருக்க வேண்டும். இருக்கிறானா இல்லையா என்றே தெரியாதவன் தாலிக்குப் பஞ்சாயத்து என்ன செய்யும் என்று காளியண்ணன் கையை விரித்துவிட்டார். கேள்வியிலிருந்த ‘உயிரோடிருக்கும்’ என்ற ஒரு சொல்லுக்காகத்தான் நவமணி ஞாயிறுதோறும் ஆபீஸ் படிக்கு வந்து உட்கார்ந்தாள். அது யாருக்கும் தெரியாது.

அந்தச் சொல்லை முதலில் பிடித்துக்கொண்டவர் டிரசர். தாள் ஒன்றரை வருடப் பழசு, உம்முடைய ஆள் இப்போது உயிரோடு இருக்கிறானென்று எதை வைத்துச் சொல்கிறீர் என்று கேட்டார். பின்னால் நின்ற காளியண்ணன் கேலியாகத்தான் சொன்னார்: “பெரட்டுல கூப்புட்டுப் பாருங்களேன் ஐயா. இருக்கறவன் கொரல் குடுத்துட்டுப் போறான்.” கிராணிக்குக் கேலி புரியாது. அந்தத் தோட்டத்தில் பெரட்டில் குரல் கொடுத்தவன் இருந்தான், கொடுக்காதவன் இல்லை. ஒரு ஆள் இருப்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சியம் எதையும் அவர் கண்டதில்லை. அன்று மாலையே செக்ரோலில் கடைசிப் பெயருக்குக் கீழே பென்சிலால் எல்மர் ஹாஸ்கின் என்று எழுதினார். மறுநாள் செவ்வாய்க்கிழமை. கூப்பிட்டார், அவனும் குரல் கொடுத்தான்.

இல்லாத ஆளுக்குப் பதில் கூட்டாளி குரல் கொடுப்பது தோட்டத்தில் நடக்காததில்லை. டிரசர் அதைத்தான் சொன்னார். ஆகவே புதன்கிழமை எல்லாரும் வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார்கள், தங்கள் பெயருக்குக் கையை மட்டும் தூக்கினார்கள். எல்மர் முன்னைவிடத் தெளிவாகக் குரல் கொடுத்தான். அதற்கு முன் கட்டையில் ஏதோ படாரென்று படும் சத்தமும் கேட்டது. நமக்கு விடிகாலை ஐந்தரை என்றால் அங்கே முந்தின நாள் மாலை ஐந்தரை, ஆட்டம் முடிகிற நேரம் என்று கிராணி கணக்குப் போட்டுச் சொன்னார். கணக்கு சரியாக இருந்தது. வியாழக்கிழமை ஓட்டிஸ் பிரெண்டலைக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. வெள்ளி, சனியும் கூப்பிட்டார்கள். களத்தில் தவளைச் சத்தம் மட்டும் கேட்டது. ஜூலையில் இயந்திரத்துக்கு மாற்று உருளை வந்தது. அந்தப் பெட்டியிலிருந்த தாள்கள் புதியவை. மே மாதம் முதல் வாரத்தில் ஓட்டிஸ் பிரெண்டல் சளிக் காய்ச்சலில் இறந்துபோனதாகக் கறுப்புக் கோடு போட்டு எழுதியிருந்தது.

டிரசர் அரை நாள் ஆஸ்பத்திரியை மூடினார். உயிரோடிருப்பது ஒரு திறமையா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். மேல் லயம் ஜெயித்துவிட்டது, ஆனால் செத்தவனைத் தோற்கடித்ததில் அவர்களுக்கும் ருசி இல்லை. நவமணிக்கு இதிலெல்லாம் கவனம் போகவில்லை. இருப்பவன் குரல் கொடுத்தான், இல்லாதவன் கொடுக்கவில்லை, இரண்டு பக்கமும் சரியாக இருந்தது. இரண்டு நாள் மரம் சீவிக்கொண்டே அதை யோசித்தாள். மூன்றாம் நாள் ஆபீஸ் படியில் போய் நின்று, தன் புருஷன் பெயரையும் ஒரு தடவை கூப்பிடச் சொன்னாள்.

வீரன் பெயரைக் கிராணியே 1921இல் சிவப்பு மையால் வெட்டியிருந்தார். “வெட்டின பேரைக் கூப்பிட எனக்கு உத்தரவில்லை, பிள்ளை.”

“அமெரிக்காக்காரனக் கூப்புட யாருங்கய்யா உத்தரவு குடுத்தா?”

கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றிலிருந்து நவமணி தினமும் வேலை முடிந்ததும் வாளியைக் கழுவி வைத்துவிட்டு அந்தப் படியில் வந்து நிற்பாள், விளக்கேற்றும் நேரத்துக்குப் போய்விடுவாள். எந்தப் பதில் வரவேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொண்டதில், பதிலே வராமலிருந்தால் நல்லது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஒரு வருடம் வெள்ளைச் சேலை, பிறகு அர்ஜுனன். அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டாள். பத்தாம் நாள் கிராணி அவள் முகத்தைப் பார்க்காமலே, நாளைக்கு எல்லாரையும் தண்ணீரோடு வரச்சொல் என்று மண்டோரிடம் சொன்னார்.

செக்ரோலில் பெயர் இல்லாத அர்ஜுனனும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வாயில் தண்ணீரோடு வந்து நின்றான். நவமணியும் ஒரு வாய் வைத்துக்கொண்டாள். நூற்று நாற்பத்திரண்டு கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்து தாழ்ந்தன. எல்மர் ஹாஸ்கின் குரல் கொடுத்தான். பிறகு கிராணி, வீரன் என்றார். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கிற நேரம்வரை ஒன்றும் கேட்கவில்லை. வழக்கப்படி இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்.

“இருக்கேன் ஐயா,” என்றான் வீரன். தூக்கக் குரல். பின்னால் ஈயக் குட்டையில் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் தடதடவென்று ஓடியது. சயாம் இல்லை, ரவாங்தான். நடந்தால் ஒன்றரை நாள். அதற்குள் அவனுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

“யாருங்க கூப்புடுறா?”

“யாரும் இல்ல. நீ தூங்கு.”

அதற்குப் பிறகு இயந்திரம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. காளியண்ணன் தண்ணீரைத் துப்பினார். எல்லாரும் துப்பினார்கள். நவமணி தன் வாயிலிருந்த தண்ணீரை எப்போதோ விழுங்கியிருந்தாள். “சபையே கேட்டுச்சில்ல,” என்றார் காளியண்ணன். அவள் கத்தியை எடுத்துக்கொண்டு தன் நிரைக்குப் போனாள். அன்று பதினோரு மரங்களில் வெட்டு ஆழமாக இறங்கிக் கட்டை தெரிந்தது. மண்டோர் பின்னால் வந்து பார்த்தார், திட்டவில்லை.

சாயங்காலம் மாரியம்மன் கொட்டகையில் கூடிய பஞ்சாயத்து ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரத்தில் முடிந்தது. ஆள் நேரில் வரவில்லையே என்று கீழ் லயத்துச் செல்லன் கேட்டான். எல்மரு மட்டும் நேர்லயா வந்தான் என்று மேல் லயம் கேட்டது. யாரும் இல்லை என்று நூற்று நாற்பத்திரண்டு பேர் காதுபட வீரன் சொல்லியிருக்கிறான், அதைவிடத் தெளிவாக ஒருவன் சொல்ல முடியாது என்று தீர்த்தார்கள். தாலியை அவளே கழற்றி மண்டோர் கையில் கொடுத்தாள். வண்டியில் சாய்ந்து நின்ற அர்ஜுனன் பக்கம் திரும்பி, “ஆவணியில வச்சுக்கலாம்லா,” என்றாள்.

அங்கிருந்து நேரே ஆபீசுக்குப் போனாள். செக்ரோலில் பெண்கள் பெயருக்கு முன்னால் புருஷன் பெயர் இருக்கும். எட்டு வருடமாக ஒவ்வொரு விடியலிலும் ‘வீரன் பெண்சாதி நவமணி’ என்றுதான் கிராணி கூப்பிட்டார், அவளும் குரல் கொடுத்தாள். முன்னால் உள்ள இரண்டு சொல்லையும் அடித்துவிடச் சொன்னாள். கிராணி சிவப்பு மையைத் தொட்டு அடித்தார். ஆவணிக்குப் பிறகு அர்ஜுனன் பெண்சாதி என்று எழுதட்டுமா என்று கேட்டார்.

“வேணாம் ஐயா. பேரு மட்டும் போதும். நான் தானே வந்து நிக்கிறேன்.”

மறுநாள் பெரட்டில் கிராணி, நவமணி என்றார். அப்படித் தனியாக ஒரு பெண்பெயரை அந்தக் களம் கேட்டதில்லை, சிலர் திரும்பிப் பார்த்தார்கள். இருக்கேன் என்றாள். மற்றப் பெயர்களும் முடிந்து கடைசியாக எல்மர் ஹாஸ்கின் குரல் கொடுத்தான். இன்னிக்கிக் கூட்டம் கம்மி, அங்க மழை போல என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். காளியண்ணன் நிரை பிரித்துக் கொடுத்தார், எல்லாரும் மரத்துக்குப் போனார்கள்.