சிவக்கும் சோதனைக் குழாய்

எங்கள் வீட்டில் மூத்த பிள்ளை மீன்தொட்டிதான். அதற்கு அடுத்தவன், இரண்டு மாதக் குழந்தை, தொட்டிலில் கிடக்கிறான். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து செருப்பைக் கழற்றுகிறாரோ இல்லையோ, ஒரு சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, ரசாயனச் சொட்டு விட்டுக் குலுக்குவார். மஞ்சளாக நின்றால் முகம் மலரும். இந்த மாதம் அது சிவந்துகொண்டே வந்தது.

"தண்ணியில நைட்ரேட் உப்பு ஏறிடுச்சு. நீ தீனியை அள்ளிப் போடுறே, மிச்சம் அழுகுது."

"ஆமா, எனக்கு வேற வேலையே இல்ல பாருங்க. பிள்ளை உதடு நீலமா இருக்கு, முதல்ல அதைப் பாருங்க."

உதவிக்கு வந்திருந்த நாத்தனார் எட்டிப் பார்த்தார். "குளிருதும்மா அவனுக்கு," என்று இன்னொரு ஸ்வெட்டரை மாட்டிவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. எனக்குப் பால் வற்றிவிட்டதால் அவனுக்குப் புட்டிப்பால்தான். நாத்தனார் சுத்தத்தில் குறை வைக்காதவர். வீட்டு ஓனர் புதிதாகப் போட்ட போர் தண்ணீர் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. பாதியாக வற்றும்வரை கொதிக்கவைத்துத்தான் பவுடர் கலக்குவார்.

கணவர் தொட்டியில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றினார். மறுநாளும் மாற்றினார். மாற்ற மாற்ற இன்னும் சிவந்தது. இரண்டு மீன்கள் மல்லாந்து மிதந்தன. மீன் வளர்ப்பவர்களுக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து புதுத் தண்ணீர். மருந்தையே சோதிக்க யாருக்குத் தோன்றும்?

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "தொட்டியையே குடையாதீங்க. சமையல்கட்டுக் குழாயிலயும் பிடிச்சுப் பாருங்களேன்!"

கிண்டலாகத்தான் சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டேதான் பிடித்தார். சொட்டு விட்டுக் குலுக்கி வைத்தார். தண்ணீர் ஆரஞ்சாகி, சிவப்பாகி, பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி கறுத்தது. அவர் சிரிப்பு நின்றது. தொட்டித் தண்ணீர்கூட அவ்வளவு சிவந்ததில்லை.

வளர்ப்புமீன் கடைக்காரரைப் போனில் பிடித்து, எனக்கும் கேட்கும்படி வைத்து, குழாய்த் தண்ணீர் சிவந்ததைச் சொன்னார்.

"போர் தண்ணியா? பக்கத்துல உரம் போடுற இடம் இருக்கா?"

பின்சுவருக்கு அந்தப் பக்கம் பூச்செடிப் பண்ணை. உர மூட்டைகள் மழையில் நனைந்து கரைந்துகொண்டிருப்பதை நான் மாடியிலிருந்து தினமும் பார்க்கிறேன்.

"இருக்குங்க," என்றார் கணவர்.

"அப்ப உரத்துல இருக்கிற நைட்ரேட்தான் போர்ல இறங்கியிருக்கு. மீனை விடுங்க. வீட்ல கைக்குழந்தை இருக்கா? அந்தத் தண்ணியில பால் கலந்துடாதீங்க. ரத்தத்துல காத்து சேராது, உடம்பு நீலம் பாய்ஞ்சிடும்."

"கொதிக்க வெச்சா போயிடும்ல?" என்று கத்தினேன்.

"போகாதும்மா. வத்த வத்த இன்னும் கூடும்."

உள்ளறையிலிருந்து நாத்தனார் வந்தார். கையில் காலிப் புட்டி.

"மெதுவாப் பேசுங்க. இப்பதான் முழுசும் குடிச்சிட்டுத் தூங்குறான். இன்னிக்கு இன்னும் நல்லாவே கொதிக்க வெச்சேன்."

நான் ஓடிப்போய் அவனைத் தூக்கி ஸ்வெட்டர்களை உருவினேன். உடம்பு கதகதவென்றுதான் இருந்தது. நகமெல்லாம் நீலம்.