சிங்கப்பூரில் மணி ஒன்பது

வெந்நீர் அண்டாவின் ஒரு காதை நசீரா விடுவதாக இல்லை. மௌத்தான பெண்களைக் குளிப்பாட்ட வரும் மஜீதா மறு காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விடும்மா. ஆறிப்போனா மறுபடியும் காய்ச்சணும்."

"மெஹ்ரீன் வரட்டும்."

பாலக்கரை வீட்டுக் கூடத்தில் அம்மா கிடந்தாள். ராத்திரி தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டது. அவள் மகள்களிடம் கேட்டு வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். "என்னை அடுத்தவங்க கையில விட்டுடாதீங்க. நீங்க ரெண்டு பேரும்தான் குளிப்பாட்டணும்." சின்னவள் மெஹ்ரீனுக்கு சிங்கப்பூரில் வேலை. காலை ஒன்பது மணி ஃப்ளைட்டில் இடம் கிடைத்ததாகச் செய்தி அனுப்பியிருந்தாள். இங்கே இப்போது மணி ஒன்பதரை. அவள் போனோ வெகுநேரமாக அணைந்து கிடந்தது.

அம்மாவின் தம்பி நசுருதீன் உள்ளே வந்தார். இருபது வருடம் ஜித்தாவில் இருந்தவர். பயணம், விமானம் என்றால் அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"சிங்கப்பூர்ல ஒம்போதுன்னா நமக்குப் பதினொன்றரை. இனிமேதான் ஏறப்போறா. நாலு மணி நேரம் பறந்து மூணரைக்கு இறங்குவா. மதியம் லுஹர் தொழுகைக்கு அடக்கம்னு பள்ளிவாசல்ல சொல்லியாச்சு. மையத்தை இப்படிக் கிடத்தி வச்சுக்கிட்டு உக்காரக் கூடாதும்மா. ஆரம்பிக்கச் சொல்லு."

நசீராவின் பிடி தளர்ந்தது. மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மஜீதா அண்டாவை இழுத்தாள்.

அப்போதுதான் போன ரமலான் நினைவுக்கு வந்தது. வீடியோவில் மெஹ்ரீன் பேரீச்சம்பழத்தைக் கடிக்க, இங்கே நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்த அம்மா, "எனக்கு இன்னும் வெயிலே இறங்கலடி" என்று அவளை வம்புக்கு இழுத்தாளே!

"மாமா! அவ நமக்கு முன்னாடியே நோன்பு திறக்கிறவ!"

"அதுக்கென்ன இப்ப?"

"நீங்க ஜித்தாவுல இருந்தப்போ, நாங்க நோன்பு திறந்து கஞ்சி குடிச்சு முடிச்சப்புறம்தானே பசிக்குதுன்னு போன் பண்ணுவீங்க? அங்கேர்ந்து நம்ம நேரத்துக்குக் கூட்டணும். சிங்கப்பூருக்குக் கழிக்கணும் மாமா! ஆறரைக்கே கிளம்பிட்டா. அதான் போன் ஆஃப்!"

மாமா விரல்விட்டு எண்ணினார். திரும்ப எண்ணினார். பிறகு தலையில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

"இருபது வருசமா கூட்டிக் கூட்டியே புத்தி இப்படி ஆயிடுச்சும்மா! பத்தரைக்கு இறங்கிடுவாளே! கார் சாவி எங்க?"

யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு ஓடினார்.

பதினொன்றரைக்கு அவர் போட்ட சத்தம் போனை மீறிக் கூடம் முழுக்கக் கேட்டது. "மன்னார்புரம் தாண்டிட்டோம்! அண்டாவை அடுப்புல ஏத்துங்க!"

நசீராவுக்கு அழுகையோடு சிரிப்பும் பொங்கியது. மையத்து வீட்டில் சிரிக்கிறாளே என்று யாரும் நினைத்தால் நினைக்கட்டும். அம்மாவின் காதருகே குனிந்து, "வந்துட்டாம்மா" என்றாள். ஊரையே ஜெயித்துவிட்டது போலிருந்தது.

மெஹ்ரீன் பையை வாசலிலேயே போட்டுவிட்டு வந்தாள். அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டாள்.

திரை மறைப்புக்குள் நசீரா அம்மாவின் தலையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள். மஜீதா குவளையைச் சின்னவளிடம் நீட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள். மெஹ்ரீன் முதலில் தன் மணிக்கட்டில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தாள்.

"சூடு சரியா இருக்கா?"

"இருக்குக்கா."

பிஸ்மில்லாஹ் சொல்லி, அம்மாவின் வலது தோளிலிருந்து மெதுவாக ஊற்றத் தொடங்கினாள்.