பிரதியில் இல்லாத அறுநூறு பேர்

"அப்பா, நான்தானே மன்னாரிலை அறுநூறு பேரை வெட்டினனான். அது ஏன் நாடகத்திலை இல்லை?"

என் மகள் சாருகா இதைக் கேட்டது ஒஸ்லோவில் மோர்டென்ஸ்ருட் போகும் ரயிலில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், முழுக் குரலில். பெட்டியில் இருந்த நோர்வேஜியர்களுக்கு ஒன்றும் விளங்கியிராது. பிரச்சினை அவர்கள் இல்லை. இரண்டு இருக்கை தள்ளி மரவள்ளிக்கிழங்குப் பையோடு ஒரு தமிழ் அம்மா இருந்தார். அவருடைய கழுத்து மெல்ல எங்கள் பக்கம் திரும்பியது. "மெல்லமாக் கதையம்மா" என்றேன். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நாங்கள் பழக்காமல் விட்ட பல விஷயங்களில் மெல்லமாகக் கதைப்பதும் ஒன்று.

வெட்டியது அவள் இல்லை, நானூற்றைம்பது வருடத்துக்கு முந்தி யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி மன்னன். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டுவிழா நாடகத்தில் அவளுக்கு அந்த வேடம். பதினைந்து வயது, நல்ல உயரம், கடைசி வரிசைவரை கேட்கிற தொண்டை. அரசன் வேடத்துக்கு ஆசைப்பட்ட பெடியன்கள் எல்லாரும் அவளுக்கு முன்னால் நின்று 'ழ'கரத்தில் தடுக்கி விழுந்தார்கள். அவர்களில் துஷாந்த் என்ற பெடியன் போர்த்துக்கேயக் கப்பல் தலைவனாகி, கையில் ஒரு தொலைநோக்கியோடு அலைந்தான். அந்தக் காலத்தில் தொலைநோக்கியே இல்லை என்று சாருகா சண்டை பிடித்தாள். "பிள்ளை, கண்ணாடி இல்லாட்டி அவன் கப்பல்காரன் எண்டு சனத்துக்கு எப்பிடி விளங்கும்?" என்று சச்சிதானந்தன் மாஸ்டர் சிரித்தபடி கேட்டார். நாடகம் எழுதியவர் அவர். அன்றிலிருந்து அவள் நாடகப் பிரதியை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினாள்.

அறுநூறு பேரின் கதையை அவளுக்குச் சொன்னவன் நானேதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், என்னைப் பார்த்துச் சொன்னதாகத்தான் இருக்கவேண்டும். என் ஊர் பேசாலை. மன்னார்க் கத்தோலிக்கப் பிள்ளை ஒன்று தோட்டவெளி வேதசாட்சிகளின் கதை தெரியாமல் வளராது. சவேரியார் அனுப்பிய குருவானவர் வந்து ஞானஸ்நானம் கொடுத்தார், சனம் மதம் மாறியது, யாழ்ப்பாணத்து அரசனின் படை வந்து வேதத்தை விடச் சொன்னது, விடாதவர்களை வெட்டியது. என் மனைவி ராசமலர் யாழ்ப்பாணத்துச் சைவப் பெண். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் அதே அரசன் பறங்கிக்குத் தலை வணங்காத வீரன். பதினேழு வருடமாக இந்த இரண்டு அரசர்களும் எங்கள் வீட்டில் ஒருவரையொருவர் பார்க்காமல் குடியிருந்தார்கள். நாங்களும் அறிமுகப்படுத்தி வைக்கவில்லை.

போதாக்குறைக்கு அவளுடைய நோர்வேஜியப் பள்ளியிலும் அந்த மாதம் அதே காலம்தான் பாடம். புத்தகத்தைக் கொண்டுவந்து குசினி மேசையில் விரித்தாள். ஓவியர்கள், சிற்பிகள், கப்பல்காரர்கள், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதிவிட்டுக் கண்ணை மூடிய அறிஞர், எல்லாரும் ஒரே அத்தியாயத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். அதிலிருந்த வரைபடத்தில் எங்கள் பக்கம் என்பது லிஸ்பனில் புறப்பட்ட அம்புக்குறி வந்து முட்டுகிற இடம். முட்டிய பிறகு அங்கே என்ன நடந்தது என்று ஒரு வரி இல்லை.

"பூமி சுத்துது எண்டு புத்தகம் வந்து அடுத்த வருஷம்தான் உங்கடை ஆக்களை வெட்டினது, தெரியுமே அப்பா?" என்றாள். "எழுதினதை மட்டும் பாக்காதைங்கோ, ஆர் எதை விட்டவை எண்டும் பாருங்கோ எண்டு எங்கடை சரித்திர ரீச்சர் சொன்னவ. இந்தப் புத்தகம் விட்டிருக்கு. மாஸ்டரும் விட்டிருக்கிறார்."

பிறகு ஒரு கடதாசியை நீட்டினாள். கடைசிக் காட்சியில், எதிரியின் கப்பல்கள் திரும்பி வருவதற்கு முன்னால் அரசன் தனியாக நின்று பேசுகிற இடத்தில் சேர்ப்பதற்கு அவளே எழுதிய வசனம். 'மன்னாரில் அறுநூறு பேர். அவர்களும் என் குடிகள்தான். வெட்டச் சொன்னவன் நான்.' மூன்றே மூன்று வரி. கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அடுப்படியில் நின்ற ராசமலர் திரும்பிப் பார்க்காமலே, "வேலியாலை போற ஓணானைப் பிடிச்சு மடியிலை விடுறாள். சும்மா இருக்கச் சொல்லுங்கோ அவளை" என்றாள். அவள் சொன்னது மகளுக்கா எனக்கா என்று தெரியவில்லை.

அது 2006ஆம் ஆண்டு ஒக்டோபர். சமாதானம் என்று நோர்வே எடுத்த முயற்சியெல்லாம் கண்ணுக்கு முன்னால் கலைந்துகொண்டிருந்தது. ஊரில் யாழ்ப்பாணம் போகிற பாதையைப் பூட்டிவிட்டார்கள். தமிழ்க் கடையில் நாலு பேர் கூடினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, இவர் எந்தப் பக்கம் என்று அளந்தார்கள். அந்த நேரத்தில் மேடையில் ஏறி, எங்கள் அரசன் எங்கள் சனத்தையே வெட்டினான் என்று ஒரு பிள்ளை சொன்னால், அதுவும் ஒரு வேதக்காரன் பெற்ற பிள்ளை சொன்னால், என்ன நடக்கும் என்று நினைத்தபடியே இரவெல்லாம் முழித்துக் கிடந்தேன். தபால் பிரிக்கிற வேலையில் இரண்டு நாள் தொடர்ந்து கடிதங்களைப் பிழையான பெட்டியில் போட்டேன்.

மாஸ்டரிடம் கதைத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் விறைத்துக்கொண்டிருந்த என்னை ஒஸ்லோவுக்கு எடுத்து, தன் வீட்டில் ஐந்து மாதம் வைத்திருந்து, தான் வேலை செய்கிற இடத்திலேயே தபால் வேலையும் பிடித்துத் தந்த மனிதர் அவர். அடுத்த சனிக்கிழமை ஒத்திகையின்போது போர்த்துக்கேயக் கப்பலுக்குப் பாய் கட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது. எங்கள் வீட்டு வெள்ளைக் கட்டில் விரிப்பைத்தான் கொண்டு போயிருந்தேன். பள்ளி நிலத்தில் அதை விரித்து, முழங்காலில் நின்று, நடுவில் பெரிய சிவப்புச் சிலுவை ஒன்றைக் கீறிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் குந்தினார்.

"மாஸ்டர், மன்னார்ச் சம்பவம் ஒண்டும் வரேல்லை என்ன?" என்றேன், சிலுவையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வராது. நான் தெரிஞ்சுதான் விட்டனான்" என்றார். "அதைப் போட்டால் சனம் அரசனை ஏசாது. அப்ப இவங்கள் ஏன் பறங்கியோடை போனவங்கள் எண்டுதான் கேக்கும். உம்மடை ஆக்களைத்தான் நான் காப்பாத்தி வைச்சிருக்கிறன், கிளெமென்ற்."

நான் தூரிகையை வாளிக்குள் வைத்தேன்.

"என்ரை அக்காவின்ரை மகன் சண்டையிலை செத்து ரெண்டு மாதம். சனம் பிரிஞ்சு நிக்கிற நேரமே இது?"

கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன், ஏதாவது தீர்ந்திருக்கும். மருமகனைச் சொல்லும்போது கோப்பையை நிலத்தில் வைத்தார், தேத்தண்ணி கொஞ்சம் விரிப்பில் சிந்தியது. பையிலிருந்த லேஞ்சியை எடுத்து அதைத் துடைத்துவிட்டு, "நாடகத்தண்டு நீரே பிரதியோடை பக்கத் திரைக்குப் பின்னாலை நில்லும். பிள்ளை எங்கையும் மறந்தால் உம்மடை குரல் எண்டால் டக்கெண்டு பிடிச்சிடுவாள்" என்றார். நான் தலையாட்டினேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டுவது எனக்கு எப்போதும் நன்றாக வரும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சாருகாவுக்கு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். மாஸ்டர் சொன்னது, அவருடைய மருமகன், என்னுடைய பயம். மாஸ்டரின் மருமகனைச் சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கியது. கடைசியில், "அப்ப நீங்களே முடிவைச் சொல்லுங்கோ அப்பா. அது உங்கடை ஊர். நான் சொல்லவோ, விடவோ?" என்றாள்.

"பாப்பம்" என்றேன்.

எங்கள் ஆட்கள் ஓம் என்றும் இல்லையென்றும் சொல்லப் பயந்த இடத்தில் சொல்கிற சொல் அது. அதற்குப் பிறகு மூன்று கிழமை அவள் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. பிரச்சினை தானாகவே முடிந்துவிட்டது என்று பகலில் என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

விழா அம்மருட்டில் ஒரு மண்டபத்தில், ஞாயிறு மத்தியானம். ஐந்நூறு கதிரை போட்டும் போதவில்லை, நூறு பேரளவில் சுவரோடு நின்றார்கள். விளக்கேற்றி, மௌன அஞ்சலி செலுத்தி, நாடகம் தொடங்கியது. நான் மேடையின் இடது பக்கத் திரைக்குப் பின்னால் பிரதியோடு நின்றேன். அங்கிருந்து சபையும் தெரியும், மேடையும் தெரியும். கப்பல் உள்ளே வந்ததும் சின்னப் பிள்ளைகள் 'ஊ' என்று கத்தினார்கள். அரசனின் வீரர்கள் பாய்ந்து பாயை இழுத்து விழுத்தினார்கள். என் சிலுவை கசங்கி நிலத்தில் விழுந்தது. மண்டபம் அதிரக் கைதட்டல். ராசமலரும் தட்டினாள், பிறகு நான் நிற்கிற பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு பெடியன் ஓடும்போது சப்பாத்துக் காலால் விரிப்பை மிதித்துக்கொண்டு போனான். அவன் வேண்டுமென்று செய்யவில்லை. நாடகம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நெஞ்சு அதைக் கேட்கவில்லை. நானே கீறி நானே மிதிக்கக் கொடுத்தேனே என்று வெட்கமாக இருந்தது.

கடைசிக் காட்சி. சாருகா தனியாக நின்றாள். "இந்தக் கடல் எங்கள் பாட்டன் பூட்டன் கடல். இதைக் கடந்து வருபவன் என் பிணத்தைக் கடந்துதான் வரவேண்டும்" என்றாள். அடுத்த வசனம் 'என் மக்களே' என்று தொடங்கும். அவள் நிறுத்தினாள்.

நிறுத்தி, என்னைப் பார்த்தாள்.

மறந்தால் அவள் கீழ் உதட்டைக் கடிப்பாள். இப்போது கடிக்கவில்லை. சின்ன வயதில் வீதி ஓரத்தில் நின்று, 'இப்ப போகலாமே?' என்று என் முகத்தைப் பார்ப்பாளே, அந்தப் பார்வைதான். நான் சொன்ன 'பாப்பம்' என்ற சொல்லுக்குப் பதில் கேட்டு என் பிள்ளை அறுநூறு பேருக்கு முன்னால் நின்றாள். பிரதி பார்க்கிறவன் முழு வசனத்தையும் சொல்லத் தேவையில்லை, முதல் சொல்லைக் கொடுத்தால் போதும், மிச்சம் தானாக வரும். என் விரல் 'என் மக்களே' என்ற இடத்தில்தான் இருந்தது. திங்கட்கிழமை மாஸ்டரோடு ஒரே மேசையில் நின்று தபால் பிரிக்கவேண்டும். ராசமலர் நாளைக்குத் தமிழ்க் கடைக்குள் எப்படிப் போவாள்? பின்வரிசையில் யாரோ இருமினார்கள். "பிள்ளை மறந்திட்டுது" என்று ஒரு குரல் பாவப்பட்டுச் சொன்னது. முன்வரிசையில் மாஸ்டர் அவளுக்குத் தைரியம் கொடுப்பதற்காகச் சிரித்தபடி, 'என் மக்களே' என்று சத்தமில்லாமல் வாயசைத்தார்.

"மன்னாரில்" என்றேன்.

என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள். மட்டைக் கிரீடத்தை ஒரு கையால் நேராக்கிக்கொண்டு சபையின் பக்கம் திரும்பி, மூச்சை உள்ளே இழுத்தாள். முன்வரிசையில் மாஸ்டர், அப்பாடா, பிள்ளைக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று தலையாட்டிக்கொண்டு, இன்னும் சிரித்தபடிதான் இருந்தார்.